கழுவி வைத்த பாத்திரங்கள்

ஒரு சுஷிக் கடை நல்ல கடையா என்று தெரிய வேண்டுமானால் மீனைச் சாப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை, முட்டையைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல மீனைச் சந்தையில் யாரும் வாங்கிவிடலாம். முட்டையைக் கடைக்காரர்தான் அடுப்படியில் நின்று செய்தாக வேண்டும். முப்பத்து மூன்று வருடம் வேலைக்காக ஊர் ஊராகப் போய்க் கடைச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளியவன் என்பதால் இதை நான் கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம். இவாசே சான் கடை முட்டை முதல் தரமானது. ஐயா அதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

காரணமில்லாமல் சொல்லவில்லை. போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசலில் துணித் திரை தொங்கவில்லை. கண்ணாடிக் கதவில், சில காலத்துக்குக் கடை இல்லை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இவாசே சானும் அவர் மனைவி கிகுவே சானும், என்னோடு வேலை பார்த்த எபினாவின் வீட்டுக்கே போய், அவன் மனைவி முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவம், அவர்களுக்கு அது வேண்டாத வேலை. அவர்கள் மேல் தினையளவும் குற்றமில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டனுப்பாமல் இருந்தாலும் நானாகவே வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் பெயர் முரோயி தாட்சுரோ. வயது ஐம்பத்தேழு. மீன் துறைமுகங்களில் இருக்கும் குளிர்பதனக் கிடங்குகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. இந்த ஊருக்கு நான் வராத குளிர்காலம் இல்லை. எபினா கோசுகே பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் பிரிவில் வந்து சேர்ந்தான். ஐம்பத்தைந்து வயதானால் பதவியைக் கீழே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அதே அறையில் கதவோரமாக ஒரு மேசைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தில் விதி. அதன்படி இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைவர் உட்காரும் ஜன்னல் ஓர மேசைக்கு எபினா போனான், நான் கதவோரம் வந்தேன். அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. விதி என்றால் விதி.

மறுநாளிலிருந்து அவனைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவன் காது சிவந்துபோகும்.

"அப்படிக் கூப்பிடாதீங்க முரோயி சான். முதுகு கூசுது."

"பதவிக்கு உண்டான மரியாதைங்க, தலைவரே."

"கேலி பண்றீங்க."

"நான் எதுக்குக் கேலி பண்ணப் போறேன், தலைவரே."

கேலிதான் செய்தேன். ஆனால் அது மனதில் ஒன்றும் இல்லாத கேலி. அறையிலிருந்த மற்றவர்களும் சிரிப்பார்கள், அவனும் கடைசியில் சிரித்துவிடுவான். சிரிக்கும்போது அவன் முகம் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்த மாதிரியே இருக்கும்.

அவனுக்கு இறால், நண்டு வகை எதுவும் ஆகாது. பெயரிலேயே 'எபி' என்று இறாலை வைத்துக்கொண்டு இறால் சாப்பிட முடியாதவன் என்று அதற்கும் ஒரு கேலி உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஆண்டு முடிவு விருந்தில் ஒரு அரிசி அப்பளத்தைக் கடித்தான். அதில் இறால் பொடி தூவியிருந்தது அவனுக்குத் தெரியாது. கால்மணி நேரத்தில் முகம் பலூன் மாதிரி வீங்கி, மூச்சு விசிலடித்தது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான்தான் அவனை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனைக்கு ஓடினேன். அப்போது என் முழங்கால் நன்றாக இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். அவன் கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்ல என்னைத்தான் அழைத்தான். அவன் மகள் பிறந்ததும் அதற்குப் பிறகுதான். அந்தப் பதினான்கு வருடத்தை அவனுக்குக் கொடுத்தது யார் என்பதையும் ஐயா எங்காவது ஓரிடத்தில் குறித்துக்கொண்டால் நல்லது.

அன்றிலிருந்து அவன் ஒரு சிறிய சிவப்புப் பை வைத்திருப்பான். அதற்குள் பேனா மாதிரி ஒரு ஊசி. தொடையில் குத்திப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் மூச்சு திரும்பிவிடும். ஒவ்வொரு பயணத்திலும் வண்டி கிளம்பும்போது கோயில் வாசலில் கும்பிடுகிற மாதிரி அதைச் சொல்லிவிடுவான். "முரோயி சான், சிவப்புப் பை. தோள்பை வெளி ஜேப்பு." நானும், "சிவப்புப் பை, வெளி ஜேப்பு" என்று திருப்பிச் சொல்லுவேன். இந்த முறையும் சொன்னோம்.

இனி சனிக்கிழமை நடந்தது.

துறைமுகத்தின் மூன்றாம் கிடங்கில் டிசம்பரில் அம்மோனியா கசிந்தது உங்களுக்குத் தெரியும். கணவாய் பிரித்துக்கொண்டிருந்த ஹமாதே சுமியே என்ற பெண்ணுக்கு நுரையீரல் வெந்துபோய், இன்னும் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். கீழே வெடித்த குழாயைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பழைய குழாய் என்று எழுதி முடித்துவிட்டார்கள். கிடங்கை மறுபடி திறப்பதற்கு முன் மொத்தத்தையும் சோதிக்க நாங்கள் வந்தோம். சனிக்கிழமை மதியம் எபினா மேல்தளத்துக்கு ஏறினான். அங்கே ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அழுத்தம் கூடினால் அது திறந்துவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறிப்போய் அதைக் கழற்றிச் சோதித்து, வருடம் பொறித்த ஈய முத்திரையைக் கம்பியில் கோத்துக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். செங்குத்தான இரும்பு ஏணி, நாற்பத்தெட்டுப் படி.

அவன் இறங்கி வந்தபோது கையில் அந்த ஈயத் துண்டு இருந்தது.

"முரோயி சான், இது ஆறு வருஷத்துக்கு முந்தினது."

"அப்படியா."

"நடுவுல ரெண்டு தடவை சோதிச்சதா அறிக்கை இருக்கு. ரெண்டுலயும் உங்க முத்திரை."

  என் முழங்கால் ஏணி ஏறவிடவில்லை. அந்த வால்வு இருபது வருடமாக ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு அறிக்கையில் முத்திரை வைத்தேன், இரண்டு முறை. துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததாம். அது திறக்காததால்தான் கீழே குழாய் வெடித்ததாம்.

ஓட்டலுக்குத் திரும்பும்போது வண்டியை அவன்தான் ஓட்டினான். பாதி வழியில் ஓரமாக நிறுத்தினான்.

"திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துல சொல்லித்தான் ஆகணும் முரோயி சான். அந்தம்மா படுத்திருக்காங்க."

"ஆமா."

"நீங்க தனியாப் போக வேண்டாம். நானும் வர்றேன். உங்க பக்கத்துலயே நிக்கிறேன், சேர்ந்தே தலை குனியறேன். உங்க முழங்கால் எனக்குத் தெரியும். முன்னாடியே நான் கவனிச்சிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு."

"உங்க மேல என்ன தப்பு, தலைவரே."

"இப்பவாவது அப்படிக் கூப்பிடாம இருங்களேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதீர்கள். பாய்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் என் தலையைத் தடவிக் கொடுத்தான். முரோயி முத்திரை வைத்த கிடங்குக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம் என்று பத்துத் துறைமுகங்களில் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. மனைவி விட்டுப் போய்ப் பதினோரு வருடமாகிறது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். அதுவரை அந்தப் பெயரோடு கதவோரம் உட்கார்ந்திருந்து, ஒரு பூங்கொத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக நினைத்திருந்தேன். அவன் என் பக்கத்தில் நின்று எனக்காகக் குனியும்போது அறையில் இருபத்தாறு பேர் பார்ப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவுதான். பெரிய காரணம் எதையும் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி இடுப்பளவு கிடந்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். அந்த ஓட்டலில் காலை உணவு மட்டும்தான். எதிரேயிருந்த இருபத்து நான்கு மணி நேரக் கடையில் காலி அலமாரிதான் மிச்சம். மதியத்துக்கு என்ன செய்வது என்று எபினா கேட்டான். இவாசே கடையிலிருந்து வரவழைக்கலாம் என்றேன்.

"பைன் தரமே சொல்லிடுங்க. என் கணக்கு" என்றான்.

அங்கே பைன், மூங்கில், பிளம் என்று மூன்று தரம். பைன்தான் உயர்ந்தது. நான் மூங்கில் போதும் என்றேன், தலைவர் பைன் சாப்பிடலாம், கூட வந்தவன் சாப்பிட்டால் நன்றாயிருக்காது என்று. அப்படியானால் எனக்கும் மூங்கில்தான் என்றான். அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்குப் பேசத் தன் அறைக்குப் போனபோது நான் கடைக்குத் தொலைபேசினேன். கிகுவே சான் எடுத்தார்.

"துறைமுக ஓட்டல் நாலாவது மாடி, நானூத்தி ஏழுலேர்ந்து பேசறேன். மூங்கில், ரெண்டு பேருக்கு."

"இந்தப் பனியிலயும் எங்க ஞாபகம் வந்துச்சே, சந்தோஷம். வண்டி நகராதுங்க, பனிச்சறுக்குப் பலகையில வெச்சு இழுத்துக்கிட்டுத்தான் வரணும். பன்னெண்டு ஆயிடும், பரவாயில்லையா?"

"பரவாயில்லை. ஒரு விஷயம். ஒருத்தருக்கு இறால் பிடிக்காது. அவர் பாத்திரத்துல வைக்க வேண்டாம்."

"வளந்த ஆளுக்கா? சின்னப் புள்ளை மாதிரி" என்று சிரித்தார். "சரி, அந்த இடத்துல முட்டை இன்னொண்ணு வெச்சுடச் சொல்றேன்."

"அப்படியே செய்யுங்க" என்றேன்.

போன குளிர்காலம் நான் அந்தக் கடையில் மீன் வெட்டும் பலகைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பக்கத்திலிருந்தவர் இறால் வேண்டாம் என்றார். பைன் தரமாக இருந்தால் அந்த இடத்தில் சூரை மீனின் வயிற்றுத் துண்டு வைப்பேன், மூங்கில் என்றால் முட்டை என்று இவாசே சான் சொன்னார். முட்டை ஏன் இவ்வளவு ருசி என்று நான் கேட்டேன். அவருக்குச் சந்தோஷம். டோக்கியோவில் பழகிய பழைய முறையாம். சின்ன இறாலை உரலில் வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டையில் கலந்து, சர்க்கரை சேர்த்து, சிறுதீயில் ஒரு மணி நேரம் வைப்பாராம். சாப்பிடுகிறவருக்கு இறால் என்றே தெரியாது என்றார். உண்மை. இனிப்புப் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

பிடிக்காது என்று சொன்னேன், உடம்புக்கு ஆகாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவாசே சான் கத்தியை மாற்ற வேண்டும், பலகையைச் சுரண்டிக் கழுவ வேண்டும், முட்டையை ஒதுக்க வேண்டும், இரண்டு தடவை கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பனி நாளில் அவருக்கு எதற்கு அத்தனை சிரமம் என்று இருந்தது.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிகுவே சான் வந்தார். எபினா என் அறைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். கிகுவே சான் கண்ணிமையெல்லாம் பனி. அரக்குப் பாத்திரங்கள் இரண்டையும் துணியை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இதுல எந்த ஐயாவுக்கு இறால் பிடிக்காது?"

"நான்தாங்க" என்று எபினா கையைத் தூக்கினான்.

"பேரு என்னங்க?"

"எபினா."

"நல்லா இருக்கு போங்க. பேரைத் திங்கக் கூடாதுன்னு விரதமா?"

எபினா விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "பிடிக்காம இல்லீங்க, எனக்கு" என்று ஆரம்பித்தான். அவனை முடிக்க விடக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"நனைஞ்சு நிக்கறாங்க, தலைவரே. அவங்களை விடுங்க" என்றேன்.

"ஆமா, மன்னிச்சுக்குங்க" என்று அவன் எழுந்து தலை குனிந்தான். பனியில் வந்த ஒரு பெண்ணை நிற்க வைத்துத் தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறவன் இல்லை அவன்.

"சாப்டுட்டு வெளியில வெச்சுடுங்க. இதே மாடியில மின்கம்பி வேலைக்காரங்க எட்டுப் பேரு மாட்டிக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு இன்னொரு நடை வருவேன். அப்ப எடுத்துக்கறேன். கழுவல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பிட்டோம். மகளுக்குப் பனியைப் படமெடுத்து அனுப்பியதையும், கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்து தன் அறையில் செருகி வைத்திருப்பதையும் சொன்னான். முட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கம். அவன் பாத்திரத்தில் இரண்டு துண்டு மஞ்சளாக இருந்தன. குச்சியால் ஒன்றைத் தொட்டுவிட்டு நிறுத்தினான்.

"முட்டைல ஒண்ணும் கலக்கலையே? கடையில சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்."

நான் சொன்னது பொய்யில்லை. என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.

இரண்டாவது துண்டை விழுங்கியதுமே உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தான். என்னைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்த்தான். உதடு தடிக்க ஆரம்பித்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. தோள்பையை இழுத்து வெளி ஜேப்பில் கை விட்டான். ஒன்றுமில்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினான்.

"முரோயி சான், சிவப்புப் பை. வண்டியில விழுந்திருக்கும். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடுங்க."

"சரி" என்றேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் வண்டி பனிக்குள் புதைந்திருந்தது. பின்னால் இருந்த தூரிகையை எடுத்து முதலில் கூரை, பிறகு முன்கண்ணாடி, பிறகு பக்கவாட்டுக் கண்ணாடிகள் என்று துடைத்தேன். கீழேயிருந்து துடைத்தால் மேலே இருப்பது மறுபடி சரிந்து விழும். கண்ணாடியில் கீறல் படாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். நிறுவன வண்டி. நான்கு கதவும் திறக்கிற மாதிரி ஆனதும் உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையைச் சூடு பண்ணிக்கொண்டேன். திரும்பி மேலே போனபோது பன்னிரண்டு நாற்பது.

அவன் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தான். கண் திறந்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முழங்காலில் உயிர் போகிற வலி. மூச்சு நிற்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

பிறகு பாத்திரங்களைக் கழுவினேன்.

இதைத்தான் நீங்கள் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வண்டியிலிருந்து பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத்தான் திரும்பினேன், பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழைப்புப் பதிவாகியிருப்பது பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ஆனால் பன்னிரண்டு ஐம்பதுக்கே கிகுவே சான் என் கதவுக்கு வெளியிலிருந்து இரண்டு பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தாமதமாகிவிட்டது என்று மின்கம்பிக்காரர்கள் முணுமுணுத்ததால் மாடிக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். பாத்திரங்கள் கழுவித் துடைத்து, துணியில் கட்டியிருந்தன. கட்டை அவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பயற்று இனிப்பு. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கிடங்குக்காரர்களுக்குக் கொடுக்க நிறுவனம் அனுப்பிய பெட்டியிலிருந்து இரண்டு எடுத்து வைத்தேன். ஓட்டலுக்குக் கொண்டு வரும் பாத்திரத்தில் இந்தக் காலத்தில் யார் இப்படி வைக்கிறார்கள், எவ்வளவு பண்பான மனிதர் என்று கிகுவே சான் உங்களிடம் மெச்சித்தான் சொல்லியிருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. அவரைத் தப்பாக நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

முட்டையின் துணுக்கு ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும் என்றுதானே கழுவினாய் என்று போன தடவை கேட்டீர்கள். கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அழுக்குப் பாத்திரத்தை நான் வாழ்நாளில் திருப்பிக் கொடுத்ததில்லை.

கழுவிய பிறகு ஊசியை எடுத்து அவன் தொடையில் குத்தினேன். பத்து வினாடி பிடிக்க வேண்டும். வாய்விட்டு எண்ணிப் பிடித்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள், நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டீர்கள் என்று என் தோளைத் தட்டினார்கள். அவன் மனைவியும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். போன தடவை நீங்கள் இருந்ததால் பிழைத்தார், இந்தத் தடவை விதி என்றார். அந்தப் பெண் அப்படிச் சொன்ன இரவிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

புதன்கிழமை நான் தனியாக மூன்றாம் கிடங்குக்குப் போனேன். நாற்பத்தெட்டுப் படியும் ஏறினேன். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பழைய வால்வைக் கழற்றிப் புதியதை மாட்டிச் சோதித்து, இந்த வருட முத்திரையைக் கட்டினேன். அறிக்கையில் ஒரு பிழை கிடையாது. வேண்டுமானால் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிடங்குக்குள் இனி கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். பழைய ஈயத் துண்டை எபினாவின் மேல்சட்டைப் பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வைத்திருந்தேன். அதைத் துறைமுகத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

பையைப் பற்றி மட்டும்தான் மிச்சம். வண்டியில் இருக்கைக்கு அடியில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அப்படியில்லை. காலையில் சாப்பாட்டு அறையில் எபினா எனக்குச் சூப் வாங்கி வர எழுந்து போனான். முழங்கால் வலியோடு நான் நடக்க வேண்டாம் என்று அவனாகத்தான் போனான். தோள்பை நாற்காலியில் தொங்கியது. வெளி ஜேப்பிலிருந்து எடுத்து என் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். மதியம் வரை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பனியைத் துடைக்கும்போதும் அது என்னிடம்தான் இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது எபினா கையை நீட்டி என் கோட்டைப் பிடித்தான். நெஞ்சுக்குப் பக்கத்தில், அந்தப் பை இருந்த இடத்தில். துணிக்கு மேலாகவே அவன் விரல்களுக்கு ஊசி தட்டுப்பட்டிருக்கிறது. பதினான்கு வருடம் தொட்டுத் தொட்டுப் பார்த்த பொருள் அல்லவா. கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தொண்டை முழுதாக அடைத்திருந்தது, உதடு மட்டும் அசைந்தது.

அவன் பிடியை நான் விலக்கவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை.